கார் வாங்கப் போகிறீர்களா? விற்பவரையும் பாருங்கள்!

கார் வாங்கப் போனால் நாம் எதைப் பார்க்கிறோம்?

நிறத்தைப் பார்க்கிறோம். விலையைக் கேட்கிறோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விசாரிக்கிறோம். ஆனால், "இந்தக் கார்தான்" என்று முடிவு செய்ய வைப்பது பல நேரங்களில் இவற்றில் எதுவும் அல்ல. கடையில் நம்மோடு பேசினாரே, அந்த விற்பனையாளரின் பேச்சுதான்!

அவர் சிரித்த முகத்தோடு பேசினால் வாங்குகிறோம். முகத்தைச் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறோம். சில வேளைகளில் அவர் இளக்காரமாகப் பார்த்தார் என்பதற்காகவே, தேவையில்லாத பெரிய காரை வீம்புக்கு வாங்கிவிடுகிறோம்!

லட்சக்கணக்கான ரூபாய் ஒருவருடைய பேச்சில் போய் நிற்கிறது. ஆகவே இது சின்ன விஷயம் அல்ல.

ஆடை சொல்லும் பொய்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்று ஒரு பழமொழி உண்டு. கோயம்புத்தூரில் கார் விற்பவர்கள் அதை நம்பினால் ஏமாந்து போவார்கள்!

சிங்காநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இது மில்களோடு வளர்ந்த ஊர். 1981-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. இங்கிருந்து திருச்சி சாலையில் கிழக்கே போனால் ஒண்டிப்புதூர், சூலூர். வழி நெடுகப் பட்டறைகள், பம்பு செட் தொழில்கள், நூற்பாலைகள், தோட்டங்கள்.

கை நிறையக் கிரீஸோடு லேத் பட்டறையில் நிற்பவர் கூலிக்காரர் என்று நினைப்பீர்கள். அவர்தான் முதலாளியாக இருப்பார்! நாலு முழ வேட்டி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் பை. இப்படி வருகிறவருக்குப் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கும். பைக்குள் தேங்காய் விற்ற பணம் இருக்கும்!

பணம் இல்லாதவர்கள் வந்தாலும் என்ன? இன்று பார்த்துவிட்டுப் போகிறவர் மூன்று வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்து, நாளை வாங்க வருவார். அன்று அவர் எந்தக் கடைக்குப் போவார்? தம்மை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த கடைக்குத்தான் போவார்.

துமகூருவில் நடந்தது

2022-ம் ஆண்டு, ஜனவரி 21-ந் தேதி. கர்நாடக மாநிலம் துமகூருவில் ஒரு விவசாயி, தம் நண்பர்களோடு மகிந்திரா ஷோரூமுக்குப் போனார். பொலேரோ பிக்கப் வண்டி வாங்குவது அவருடைய எண்ணம்.

அவருடைய எளிய தோற்றத்தைப் பார்த்த விற்பனையாளர் கேலி செய்தாராம். பையில் பத்து ரூபாய்கூட இருக்காது, பத்து லட்ச ரூபாய் வண்டி கேட்கிறாயா என்று பேசினாராம். விவசாயி சொன்ன புகார் இது.

விவசாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பணத்தைக் கொண்டு வந்தால் இன்றைக்கே வண்டி தருவீர்களா?" என்று சவால் விட்டார். போனார். ஒரு மணி நேரத்துக்குள் பத்து லட்சம் ரூபாயோடு திரும்பி வந்தார்!

இப்போது விழித்தது கடை! உடனே கொடுக்க வண்டி இல்லை. விடுமுறை நாட்கள் வேறு. சில நாள் ஆகும் என்றார்கள். விவகாரம் போலீஸ் நிலையம் வரை போனது. அந்தக் காட்சி வீடியோவாக நாடு முழுவதும் பரவியது. கம்பெனியின் தலைவர் ஆனந்த் மகிந்திராவே பதில் சொல்லும்படி ஆயிற்று. மனிதனின் கண்ணியத்தைக் காப்பது தங்கள் கொள்கை என்றும், அதற்கு மாறாக நடந்தால் உடனே சரி செய்யப்படும் என்றும் அவர் பொதுவில் அறிவித்தார். கம்பெனி வருத்தம் தெரிவித்தது. ஒரு வாரத்தில் வண்டி விவசாயியிடம் ஒப்படைக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். வண்டியில் குறை இல்லை. விலையில் குறை இல்லை. ஒரு வாய் பேசியது. ஒரு பெரிய கம்பெனி தலை குனிந்தது!

வேட்டிக்கு ஒரு சட்டம்

ஆடையைப் பார்த்து ஆளை எடை போடும் வழக்கம் நம் மாநிலத்திலும் உண்டு. 2014-ம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் விழா. அழைப்பின் பேரில் வந்தவர் உயர் நீதிமன்ற நீதிபதி! வேட்டி கட்டியிருந்தார் என்று அவரை உள்ளே விடவில்லை.

ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே தமிழகச் சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

கதவைத் திறக்கச் சட்டம் போடலாம். ஆனால் "வாங்க" என்று மனதாரச் சொல்ல வைக்கச் சட்டம் போட முடியுமா? அது மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.

ஓட்டல் தொழிலாளி வாங்கிய வண்டி

சிங்காநல்லூருக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கலங்கல் கிராமம். 1893-ல் அங்கே பிறந்தவர் ஜி.டி. நாயுடு. அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன்மேல் ஆசை கொண்டார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்தார். கூலியை மிச்சம் பிடித்து அந்த வண்டியையே வாங்கினார்! பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டிக் கற்றுக்கொண்டார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். பிறகு அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. இன்றைக்குக் கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் ஒரு கார் அருங்காட்சியகமே இருக்கிறது!

"ஓட்டல் பையனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு?" என்று அந்த அதிகாரி சிரித்து அனுப்பியிருந்தால்? அவர் அப்படிச் செய்யவில்லை. பணம் கொண்டு வந்தவனுக்கு வண்டியைக் கொடுத்தார்.

உலகத்திலேயே அதிகம் விற்றவர்

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஊரில் ஜோ ஜிரார்டு என்று ஒருவர் இருந்தார். 1963-ல் செவர்லே கார் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். சுமார் 15 ஆண்டுகளில் அவர் விற்ற கார்கள் 13,001. 1973-ம் ஆண்டில் மட்டும் 1,425. மொத்த வியாபாரம் அல்ல. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி விற்றவை! கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது.

அவருடைய ரகசியம் என்ன? 250 என்ற எண்தான்!

ஒரு மனிதனின் கல்யாணத்துக்கோ, இறுதிச் சடங்குக்கோ சுமார் 250 பேர் வருகிறார்கள் என்று அவர் கவனித்தார். ஆகவே ஒருவனைப் புண்படுத்தி அனுப்பினால் 250 பேரைப் பகைத்துக் கொண்டதாக அர்த்தம். ஒருவனைத் திருப்தியாக அனுப்பினால் 250 பேரிடம் நல்ல பெயர். கார் விற்றதோடு அவர் விடவில்லை. மாதா மாதம் எல்லோருக்கும் வாழ்த்து அட்டை அனுப்பினார்.

அமெரிக்காவில் 250 என்றால், நம் கொங்கு நாட்டுக் கல்யாணத்தில்? பந்தியில் ஆயிரம் இலை விழும்! "அந்தக் கடைக்குப் போகாதீங்க" என்று ஒருவர் பந்தியில் சொன்னால் போதும். பாயசம் வருவதற்குள் பத்து ஊருக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவிடமும் பேசுங்கள்!

குடும்பத்தோடு கார் வாங்கப் போகிறார்கள். விற்பனையாளர் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? கணவனைப் பார்த்து. மனைவி ஒரு கேள்வி கேட்டாலும் பதிலைக் கணவனிடம் சொல்கிறார்! பக்கத்தில் நிற்கும் மகள் கார் ஓட்டத் தெரிந்தவள். அவளிடம் "கலர் பிடிச்சிருக்காம்மா?" என்பதோடு சரி.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் அயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். வெள்ளையர், கருப்பர், ஆண், பெண் எனப் பலரைக் கார் கடைகளுக்கு அனுப்பினார். எல்லோரும் ஒரே மாதிரி பேரம் பேச வேண்டும் என்று பழக்கினார். முடிவு 1991-ல் வெளியானது. ஒரே காருக்கு வெள்ளை ஆண்களிடம் சொன்ன விலை குறைவு. பெண்களிடமும் கருப்பர்களிடமும் சொன்ன விலை அதிகம்!

நம் வீடுகளில் சீட்டுப் பணமும் பால் பணமும் பெரும்பாலும் யார் கையில் இருக்கின்றன? அம்மா கையில். அவர் வேண்டாம் என்றால் கார் வீட்டு வாசலுக்கு வராது. இதை விற்பவரும் மறக்கக் கூடாது, வாங்குபவரும் மறக்கக் கூடாது.

இனிக்கப் பேசினாலும் எச்சரிக்கை!

கடுமையாகப் பேசுகிறவரிடம் நாம் விழிப்பாக இருக்கிறோம். தேனாகப் பேசுகிறவரிடம்தான் ஏமாறுகிறோம்.

"விலையை விடுங்க அண்ணா, மாசம் எவ்வளவு கட்ட முடியும்? அதைச் சொல்லுங்க!" இது ஒரு பேச்சு. கேட்கச் சுகமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள்.

8 லட்சம் ரூபாய் கடன். வட்டி 9 சதவீதம். 5 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1 லட்சத்து 96 ஆயிரம். இதையே 7 வருடம் ஆக்கினால் தவணை சுமார் 12,900. "அடடா, குறைந்துவிட்டதே!" என்று தோன்றும். ஆனால் மொத்த வட்டி சுமார் 2 லட்சத்து 81 ஆயிரம். 85 ஆயிரம் ரூபாய் அதிகம்! கார் அதே கார்தான்.

"இன்றைக்கே கடைசி நாள், நாளைக்கு விலை ஏறிவிடும்" என்பது இன்னொரு பேச்சு. மாதக் கடைசியில் இது அதிகம் கேட்கும். விற்பவருக்கு மாதக் கணக்கு முடிக்க வேண்டும். அது அவர் அவசரம். உங்கள் அவசரம் அல்ல!

"இந்தச் சின்ன வண்டி உங்க தகுதிக்குப் பத்தாதுங்க" என்பது மூன்றாவது பேச்சு. இதில்தான் பலர் விழுகிறார்கள். தகுதியைக் காட்டக் கார் வாங்கியவர், பிறகு தவணை கட்டத் தோட்டத்தை அடகு வைக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

1. விலைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கார் விலை, சாலை வரி, பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், உபரிச் சாமான்கள் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். புரியாத தொகை இருந்தால் "இது எதற்குங்க?" என்று கேளுங்கள்.

2. கடைக்காரரிடமே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியிலும் விலை விசாரியுங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3 வருடத்துக்கு எடுத்தாக வேண்டும்.

3. முன்பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுதி வாங்குங்கள்.

4. ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டில் யார் ஓட்டப் போகிறாரோ, அவரே ஓட்டிப் பார்க்கட்டும்.

5. வண்டி எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று பாருங்கள். பணம் முழுவதும் கட்டும் முன் உங்கள் வண்டியையே நேரில் பாருங்கள்.

6. ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு கடை ஏறி இறங்குங்கள். சர்வீஸ் பிரிவுக்கும் ஒரு நடை போய், அங்கே நிற்கும் வண்டிக்காரர்களை விசாரியுங்கள். வாங்கும் முன் எப்படி நடத்துகிறார்கள் என்பதைவிட, வாங்கிய பின் எப்படி நடத்துகிறார்கள் என்பதே முக்கியம்!

ஏமாற்றப்பட்டால்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய்தான். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை

விற்பனையாளரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறார். மாதம் இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று மேலே இருப்பவர் விரட்டுகிறார். பலருக்குச் சம்பளம் குறைவு. விற்றால்தான் கையில் நாலு காசு. பத்துப் பேரிடம் தொண்டை வறளப் பேசினால் ஒருவர் வாங்குவார். மற்ற ஒன்பது பேரில் சிலர் அவரை "ஏய், இங்கே வா" என்று கூப்பிடுவார்கள்.

இதுவும் தப்பு. மரியாதை கேட்பவர் மரியாதை கொடுக்க வேண்டும். வாங்கப் போவதில்லை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். அவர் நேரம் மிச்சமாகும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கடைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கிறீர்கள், குளிர்சாதனம் வைக்கிறீர்கள். கதவருகே நிற்கும் இளைஞருக்கு ஒழுங்கான சம்பளமும் பயிற்சியும் கொடுங்கள். விரட்டப்படுகிறவன் வந்தவரையும் விரட்டத்தான் செய்வான்!

கொங்குத் தமிழில் ஓர் அழகு உண்டு. பச்சைக் குழந்தையிடம்கூட "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் ஊர் இது. வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போடுவதற்கு யாரும் நமக்குக் கூலி கொடுத்ததில்லை. அந்த "ங்க" கார் கடையிலும் இருக்கட்டும். வேட்டி கட்டியவருக்கும் இருக்கட்டும், கோட்டுப் போட்டவருக்கும் இருக்கட்டும். விற்கிறவருக்கும் இருக்கட்டும், வாங்குகிறவருக்கும் இருக்கட்டும்.

பிறகு கார் நன்றாக ஓடும். கடையும் நன்றாக ஓடும்!