ஓர் அடியும் எட்டாண்டு மறியலும்

செவன் ஹில்ஸில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கிங்ஸ் குறொஸை அடைந்துவிடலாம். சனிக்கிழமை இரவுகளில் எம்மவரின் பிள்ளைகளும் அவ்வழியே செல்கின்றனர் என்பதைப் பெற்றோர் அறிந்தும் அறியாதவர்போல் இருக்கின்றோம்.

2012 யூலையில் அங்கே விக்ரோரியா வீதியில் தோமஸ் கெலி என்னும் 18 வயது இளைஞன், முன்பின் அறியாத ஒருவனின் ஒரே அடியில் வீழ்ந்து மாண்டான். 2013 டிசெம்பர் 31ஆம் திகதி இரவு அதே வீதியில் டானியல் கிறிஸ்ரி தாக்கப்பட்டு, 11 நாட்களின் பின் உயிர் நீத்தான். அவனுக்கும் வயது 18. ஊர் கொதித்தெழுந்தது. 2014 ஜனவரி 30ஆம் திகதி, முதலமைச்சர் பரி ஓ'பரலின் அரசு கொண்டுவந்த சட்டமூலத்தை மாநில நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அச்சட்டம் சொல்வது இதுதான்: ஒருவரை வேண்டுமென்றே அடித்து, அதனால் அவர் இறப்பாராயின் 20 ஆண்டு வரை சிறை. அடிபட்டவர் நிலத்தில் விழுந்து தலை மோதி இறந்தாலும் அதுவே. 18 வயதுக்கு மேற்பட்டவர் மதுபோதையில் அடித்திருந்தால் உச்சத் தண்டனை 25 ஆண்டு. எட்டு ஆண்டுக்குக் குறையாமல் உள்ளே இருந்தாக வேண்டும். மரணம் நேரும் என எதிர்பார்த்திருக்க முடியாது என்ற வாதம் அங்கே எடுபடாது. நீதிபதியின் கையைக் கட்டும் ஆகக்குறைந்த தண்டனை கூடாது என்று சட்டத்தரணிகள் சங்கங்கள் எதிர்த்தன, பயன் கிட்டவில்லை. இப்பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது.

சிட்னி மாநகர சபையின் நிலைப்பாடு வேறாயிருந்தது. கிங்ஸ் குறொஸ் அச்சபையின் எல்லைக்குள் இருந்தாலும், மதுபான அனுமதியும் இரவு ரயிலும் பொலிஸும் மாநில அரசின் கையிலேயே உள்ளன. பின்னிரவு 1.30க்குப் பின் புதிதாக எவரும் மதுபானசாலைக்குள் நுழையக் கூடாது, 3 மணிக்குப் பின் மது ஊற்றக் கூடாது என்று 2014 பெப்ரவரி 24 முதல் மாநிலம் விதித்தது. எல்லோர் மீதும் ஒரே சம்மட்டியை வீசுவதாக இதனைக் கண்டித்த மாநகர முதல்வர் குளோவர் மூர், ஒரே இடத்தில் மதுக்கடைகள் நெருங்குவதைத் தடுங்கள், பின்னிரவுப் போக்குவரத்தைத் தாருங்கள் என்றார். 2016இல் முன்னாள் நீதியரசர் இயன் கலினன் நடாத்திய மீளாய்விலும் ஒழுங்காக நடக்கும் இடங்களுக்கும் இசை அரங்குகளுக்கும் விலக்களிக்குமாறு சபை கோரியது. மாநிலத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை: அரசின் குற்றப் புள்ளிவிபரப் பணியகம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி தாக்குதல்கள் கிங்ஸ் குறொஸில் 32 வீதமும் நகர மையத்தில் 26 வீதமும் குறைந்திருந்தன. கதவடைப்பு விதி நகர மையத்தில் 2020 ஜனவரியிலும், கிங்ஸ் குறொஸில் 2021 மார்ச்சிலும் நீக்கப்பட்டது.

கதவு திறந்துவிட்டது, எட்டாண்டு மட்டும் அப்படியே நிற்கிறது. இத்தனை விவாதத்திலும் எம்மைப் போன்றோரின் நிலையை எவரும் பேசியதாக என் கண்ணிற்படவில்லை. பிரஜாவுரிமை உள்ள பிள்ளை தண்டனை முடிந்து வீடு திரும்புவான். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கோ, நிரந்தர வதிவிடம் பெற்றவனாயினும், 2014 டிசெம்பரில் திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டம் காத்திருக்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று முழுநேரச் சிறையிலிருப்பவரின் விசா கட்டாயமாக ரத்தாகும். ரத்தை நீக்குமாறு விண்ணப்பிக்கலாம். நீக்கப்படாவிடில் தடுப்பு முகாம், அதன் பின் நாடு கடத்தல். படகில் வந்து இன்றும் பிரிட்ஜிங் விசாவில் இருப்போரின் நிலை இதனினும் மோசம். 2013இல் வந்த விதிப்படி, தீர்ப்பு வேண்டாம், குற்றம் சாட்டப்படுவதே அவர்களின் விசாவை ரத்துச் செய்யப் போதுமானது. எவரும் சாக வேண்டியதில்லை. கன்னத்தில் விட்ட ஓர் அறையும் தாக்குதலே.

பள்ளிக்கூடத்தில் இரு பையன்கள் கைகலந்தால் முழங்காலில் நிறுத்திவிட்டு மறுநாள் மறந்துவிடுவோம். இங்கே மறப்பதற்கு ஆளில்லை. ஆகவே, தகுதி வந்தும் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பிற்போடுவோர் இவ்வாரமே அதனை நிரப்புங்கள். பிள்ளையைப் பொலிஸார் அழைத்துச் சென்றால், பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்லட்டும். சம்பவத்தைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தரணியைக் கேட்கட்டும். குற்றத்தை ஏற்றுக்கொள்ளுமுன் விசா நிலையையும் அச்சட்டத்தரணியிடம் கூறுதல் அவசியம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பெற 131 450.