ஆர்டர் கொடுக்காமலே சரக்கு வரும்!

குட்டீஸ்... ஒரு கைக்குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை டயப்பர் வேண்டும்? திங்கட்கிழமை ஆறு என்றால், செவ்வாயும் கிட்டத்தட்ட ஆறுதான். தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று எந்தப் பாப்பாவும் கூடுதலாக 'உச்சா' போகாது!

ஆனால், 'பேம்பர்ஸ்' டயப்பர் தயாரிக்கும் அமெரிக்காவின் 'பிராக்டர் அண்ட் கேம்பிள்' நிறுவனத்துக்கு வந்த ஆர்டர்கள் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கின. ஏன்?

கடையில் கொஞ்சம் அதிகமாக விற்றால், 'தீர்ந்து போய்விடுமோ' என்று பயந்து, கடைக்காரர் இன்னும் அதிகமாகக் கேட்பார். மொத்த வியாபாரி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதற்கு மேலும் சில பெட்டிகள் சேர்ப்பார். தொழிற்சாலையோ இரவு பகலாக ஓடும். அப்புறம் எல்லாருடைய கிடங்கும் நிரம்பி வழிய, ஆர்டரே வராது! டயப்பர் எடை குறைவுதான். ஆனால், இடத்தை அடைத்துக் கொள்ளுமே! சாட்டையின் பிடியை லேசாகச் சுண்டினால், நுனி எப்படித் துள்ளுகிறது? அதனால், இதற்கு, 'சாட்டை விளைவு' என்றே பெயர்.

'வால்மார்ட்' கடைகளை ஆரம்பித்தவர் சாம் வால்டன். 1987ல் இவரும், பிராக்டர் அண்ட் கேம்பிள் அதிகாரி லூ பிரிட்செட்டும், துடுப்புப் படகில் ஆற்றுப் பயணம் போயினர். இரண்டு நிறுவனங்களும் அதுவரை அவ்வளவாக ஒத்துப் போகாதவை. படகில் பேசிய பேச்சு, நட்புக்கு வழி விட்டது.

பிறகு வந்த ஏற்பாடு வேடிக்கையானது. கல்லாவில், 'பீப்' என்று பார்கோடு ஒலித்ததும், விற்பனைக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறும் அல்லவா? அந்தக் கணக்கை, டயப்பர் தயாரிப்பவருக்கே வால்மார்ட் காட்டியது. எங்கே இருப்பு குறைகிறது, எவ்வளவு அனுப்பலாம் என்பதை இனி அவரே பார்த்துக் கொள்வார். இதைத்தான், 'வெண்டர் மேனேஜ்டு இன்வென்டரி' என்கின்றனர். அதாவது, கடையின் ஸ்டாக்கை, சரக்கு கொடுப்பவரே கவனிப்பது.

கடைக்காரருக்குப் பயம் இருக்காதா? இருக்கும்! விற்பனை ரகசியம் வெளியே போகிறதே! விற்காத சரக்கைத் தலையில் கட்டிவிட்டால்? எனவே, இருப்பு இதற்குக் கீழே குறையக் கூடாது, இதற்கு மேலே போகக் கூடாது என்று முன்பே எல்லை பேசிக் கொள்வர்.

கடைக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. தள்ளுபடி விற்பனை வைப்பதாக இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறந்தால் போச்சு! பெற்றோர் நாலைந்து பாக்கெட்டுகளாக அள்ளிக் கொண்டு போவர். கம்ப்யூட்டரோ, 'ஊரில் திடீரென்று பாப்பாக்கள் பெருகி விட்டனர் போலிருக்கிறது' என்று கணக்குப் போட்டு, லாரி லாரியாக டயப்பரை அனுப்பச் சொல்லும்!