உயரம் கேட்கும் முகவர்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகள் 'நாடு' என்ற பழம்பெயராலேயே வழங்குகின்றன. அவற்றுள் வாழவந்தி நாடு, மலையின் நிர்வாகத் தலைமையிடமாகிய செம்மேட்டைத் தன்னுள் கொண்டிருப்பதால், சுற்றுலாத் தொழிலின் இரு முகங்களும் அங்கே ஒரே பேருந்து நிறுத்தத்தில் காணக்கிடைக்கின்றன: சமவெளியிலிருந்து வேன் பிடித்து மலையேறி வரும் குடும்பங்கள் ஒருபுறம், கோடை விடுமுறையில் பிள்ளைகளின் நச்சரிப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல், கேளிக்கைப் பூங்கா ஒன்றைக் காட்டிவர மலையிறங்கும் உள்ளூர்க் குடும்பங்கள் மறுபுறம். இறங்கிப் போகிறவர்கள் தமக்கேற்ற பயண முகவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு, ஏறி வருகிறவர்கள் படும் பாட்டிலேயே பாதி விடை இருக்கிறது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில் விழும் ஆகாய கங்கை அருவியை அடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, பின் அத்தனையையும் மீண்டும் ஏறியாக வேண்டும். இரண்டும் ஊரறிந்த செய்திகள். ஆயினும் 'ஒருநாள் கொல்லிமலை, அருவிக் குளியலுடன்' என்ற பேச்சை நம்பி வரும் குடும்பங்களில், பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் சின்னப் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டுவிட, முழங்கால் தேய்ந்த பாட்டி கோயில் வாசலிலேயே நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்க, வெள்ளம் பெருகி அருவிப் பாதையை வனத்துறை மூடியிருந்தால் எஞ்சியவர்களும் அன்னாசிப் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்க நேர்வது புதுமையன்று. விற்றவர் பொய் சொன்னார் என்று குற்றம்சாட்ட இடமில்லை. அருவி அங்கேதான் இருக்கிறது. வரப்போகிறவர்கள் யார், அவர்களால் எது முடியும் என்று அவர் விசாரிக்கவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்துப் பழகிய வாழவந்தி நாட்டார், தாம் பயணம் போகும்போது மட்டும் அதே விசாரணையை முகவரிடம் எதிர்பார்க்காமல், வண்ணத் துண்டறிக்கையைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுவதுதான் வியப்பு.

'கேளிக்கைப் பூங்கா' என்பது ராட்டினம், நீர்ச்சறுக்கு முதலிய சவாரிகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்ட எந்த வளாகத்தையும் குறிக்கும். 'தீம் பார்க்' என்பது, சவாரி, கட்டடம், ஊழியரின் உடை வரை அனைத்தையும் ஒரு கதையின் அல்லது கருப்பொருளின் கீழ் அமைக்கும் வகையாகும். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் இரண்டாம் வகைக்கு முன்மாதிரியாயிற்று. இந்தியாவில் 1984-இல் தில்லியின் அப்பு கர், 1989-இல் மும்பையின் எஸ்ஸெல் வேர்ல்டு, 1995-இல் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா, 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று தொடங்கிய வரிசையில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை என்றாலும், பேச்சு வழக்கில் எல்லாமே தீம் பார்க்தான். பெயரில் இல்லாத வேறுபாடு பயன்பாட்டில் இருக்கிறது: கதையை மையமாகக் கொண்ட பூங்காவில் சவாரி ஏறாத பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் ஊர்வலம், நாடகம், காட்சியரங்கு என்று பொழுது போகும், சவாரியையே நம்பியிருக்கும் பூங்காவில் ஏறாதவர்கள் பெரும்பாலும் ஏறியவர்களின் பைகளுக்குக் காவல் இருப்பார்கள். குடும்பத்துக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. முகவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முகவர் என்ற சொல்லும் விளக்கம் வேண்டுவதே. விமானம், ரயில், விடுதி, பூங்கா ஆகியவற்றின் சீட்டுகளை அவற்றின் உரிமையாளர் சார்பில் விற்றுக் கமிஷன் பெறுபவர் பயண முகவர். வண்டி, தங்கல், உணவு, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் தாமே சேர்த்து ஒரே விலைக்குத் தருபவர் சுற்றுலா ஏற்பாட்டாளர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டம் கூட்டிச் சென்ற தாமஸ் குக் பிற்காலத்தில் இரண்டு வேலைகளையும் ஒருங்கே செய்தார். மலையடிவாரச் சிற்றூர்களில் 'டிராவல்ஸ்காரர்' என்று அழைக்கப்படுபவரும் இரண்டையும் செய்கிறார். கூடவே வேனும் அவருடையதாக இருக்கும், சில நேரம் ஓட்டுநரும் அவரேதான். எந்தத் தொப்பியோடு அவர் பேசுகிறார் என்பது தெரிந்தால், எதற்கு அவர் பொறுப்பேற்பார், எதற்குக் கைவிரிப்பார் என்பதும் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இத்தொழிலின் அறிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மதுரா டிராவல்ஸ் நிறுவனர் வி.கே.டி. பாலனின் வாழ்க்கை எடுத்துக்காட்டாகும். திருச்செந்தூரிலிருந்து கையில் காசின்றிச் சென்னைக்கு வந்து, எழும்பூர் ரயில் நிலையத்தில் படுத்துறங்கிய அவர், அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் இரவெல்லாம் வரிசையில் நின்று, விசா கேட்டு வருவோருக்குத் தம் இடத்தை விட்டுக்கொடுத்துக் கிடைத்த கூலியில் காலூன்றியதைத் தாமே பலமுறை சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்றவருக்குத்தான் வரிசையின் நீளம் தெரியும். பட்டமும் படிப்பும் வேண்டாமென்பது இதன் பொருளன்று. விற்கும் பொருளைத் தாம் ஒருமுறையாவது அனுபவித்திராத முகவர், சீட்டு எழுதுபவர் என்ற நிலையைத் தாண்டுவதில்லை என்பதே கருத்து.

அப்படி அனுபவித்தவரை அடையாளம் காணும் வழி, அவர் குடும்பத்தைப் பற்றி முதலில் எதைக் கேட்கிறார் என்று கவனிப்பதாகும். பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எல்லாரும் கேட்பார்கள். என்ன உயரம் என்று கேட்பவரே பூங்காவுக்குள் போய் வந்தவர். அரசுப் பேருந்தில் 5 வயது வரை சீட்டு இல்லை, 12 வயது வரை அரைச்சீட்டு. ரயிலில் அதே வயதுக் கணக்கோடு, தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். பல பூங்காக்களிலோ வயதைக் கணக்கில் எடுப்பதில்லை. வொண்டர்லா பூங்காக்களில் 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டு வேண்டாம், அதற்கு மேல் 140 சென்டிமீட்டர் வரை குழந்தைக் கட்டணம், அதைத் தாண்டினால் பெரியவர் கட்டணம். அதிவேகச் சவாரிகள் பலவற்றில் ஏறுவதற்கும் அந்த 140 சென்டிமீட்டரே வாசற்படி. ஆகவே ஏழாம் வகுப்புப் படிக்கும் நெட்டைப் பையனுக்குப் பள்ளி அடையாள அட்டையைக் காட்டிக் குழந்தைச் சீட்டு கேட்க முடியாது. மறுபுறம், 136 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்பிள்ளை, விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்ட அதே சவாரியின் வாசலில், அளவுகோலுக்கு அடியில் குதிகாலை உயர்த்தி நின்று பார்த்துவிட்டு, அண்ணன் மட்டும் மேலே போவதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க நேரும். ஒரு பயணத்தையே கசப்பாக்கிவிட இந்த நாலு சென்டிமீட்டர் போதும். கிளம்புமுன்பே சுவரோடு நிறுத்தி அளந்து சொல்லச் சொல்லும் முகவர், கட்டணக் கணக்கையும் ஏமாற்றத்தையும் ஒரே கேள்வியில் தீர்த்துவிடுகிறார்.

அடுத்தது துணி. நீர்ச் சவாரிகளுக்கும் அலைக்குளத்துக்கும் நைலான் போன்ற செயற்கை இழை உடை கட்டாயம், பருத்தி கூடாது என்பது பெரிய பூங்காக்களில் பொதுவான விதி. நனைந்த பருத்தியின் நூல் பிரிந்து நீர் வடிகட்டியை அடைப்பதும், சேலையும் துப்பட்டாவும் சறுக்கில் சிக்கிக்கொள்வதும் காரணங்கள். இதைச் சொல்லி அனுப்பாத முகவரை நம்பிப் போன எட்டுப் பேர் கொண்ட குடும்பம், உள்ளே உள்ள கடையில் எட்டு உடை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டிவரும். பை வைக்கும் லாக்கருக்குத் தனி வாடகை. இவை எவையும் 'எல்லாம் சேர்த்து' என்று முகவர் சொன்ன தொகையில் சேர்ந்திருப்பதில்லை. அத்தொகையில் ஜி.எஸ்.டி. உண்டா, மதியச் சாப்பாடு உண்டா, ஓட்டுநர் படி உண்டா, சுங்கச்சாவடிக் கட்டணம் யார் தலையில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல முகவர் கேட்குமுன்பே பிரித்து எழுதித் தருவார்.

வழியைப் பற்றிய அறிவு இதைவிட முக்கியமானது. செம்மேட்டிலிருந்து சேலம், தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரைக் கடந்து, மைசூரு சாலையில் பிடதியருகே உள்ள வொண்டர்லா பூங்காவை அடைய 300 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்ய வேண்டும். 'ஒரே நாளில் போய் வரலாம்' என்பது வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். விடியுமுன் மலையிறங்கினால்தான் பூங்கா திறக்கும் நேரத்துக்குச் சேர முடியும். மாலையில் வெளியே வந்து திரும்பினால், நாளெல்லாம் வண்டியோட்டிய அதே ஓட்டுநர் நள்ளிரவு தாண்டி 70 வளைவுகளை ஏற வேண்டும். இதை உணர்ந்த முகவர், ஓர் இரவுத் தங்கலை வற்புறுத்துவார் அல்லது இரண்டாவது ஓட்டுநரைக் கேட்பார். பெங்களூரு நகருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்டாமல் ஓசூர் சாலையிலிருந்து மைசூரு சாலைக்கு நேரே இணைக்கும் கட்டணச் சாலையாகிய நைஸ் ரோட்டைப் பிடிக்கச் சொல்வார். வண்டியின் எண்பலகை மஞ்சளா என்பதையும் குடும்பமே பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் பலகை வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டியைக் குறிக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்ட மீறல் என்பதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகும். மாநில எல்லை தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டும் வரியும் வேறு. இத்தனையும் வேண்டாமென்றால், நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய பிளாக் தண்டர் நீர்ப்பூங்கா தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் மட்டுமுள்ள வீட்டுக்கு அதுவே போதும் என்று சொல்லி, தம் கமிஷனைத் தாமே குறைத்துக்கொள்ளும் முகவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

காலக்கணக்கு மலைக்குரிய சிக்கல். சில்வர் ஓக் மரங்களிலும் பிற நிழல் மரங்களிலும் படர்ந்த மிளகைப் பறித்து, உலர்த்தி, விற்றுக் கையில் பணம் சேர்ந்த பிறகு வரும் விடுமுறை சித்திரை, வைகாசியில் அமைகிறது. தென்னிந்தியாவே பூங்காக்களில் கூடுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் சனி, ஞாயிறைத் தவிர்த்து வாரநாளைப் பிடிப்பது ஒன்றே வழி. அலுவலக வேலைக்குப் போகாத, நிலத்தில் பாடுபடும் குடும்பங்களுக்கு வாரநாள் ஒரு பொருட்டில்லை. இருந்தும் முகவர் தம் வேன் நிரம்ப வேண்டுமென்பதற்காக ஞாயிற்றுக்கிழமையையே காட்டுவார். வரிசையில் நின்றே பொழுது கழிந்த ஒரு ஞாயிறு, புதன்கிழமையை விட மிகுந்த விலை கொடுத்து வாங்கியதாகவும் இருக்கும், ஏனெனில் பல பூங்காக்களில் கூட்ட நாள்களுக்குக் கட்டணமே கூடுதல்.

வெளிநாடு போகிறவர்கள் மலையில் சிலரே. ஆனால் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் அந்தச் சிலரும் பெருகி வருகின்றனர். சென்டோசா தீவில் 2010-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவில், நுழைவுச்சீட்டுக்கு மேல் தனிக் காசு கொடுத்து வாங்கும் 'எக்ஸ்பிரஸ்' சீட்டு, பொது வரிசையைத் தவிர்த்து விரைவு வரிசையில் விடும். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அது உதவும், கூட்டமில்லாத நாளில் வீண் செலவு; எது எந்த நாள் என்று சொல்லத் தெரிந்தவருக்கே முகவர் என்ற பெயர் தகும். கடை வாசலில் தொங்கும் ஐயாட்டா அங்கீகாரம் வேறொரு செய்தியைச் சொல்கிறது. 1945-இல் அமைந்த பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அந்த அங்கீகாரம், விமானச் சீட்டு வழங்கும் தகுதிக்கும் பண ஒழுங்குக்கும் சான்று. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரமோ, விரும்புகிறவர்கள் விண்ணப்பித்துப் பெறுவது. இரண்டும் இருப்பது நல்லதே. பூங்காவின் உயர அளவுகோல் எங்கே நிற்கிறது என்பதை இரண்டும் சொல்லித் தருவதில்லை.

பணம் போனால் திரும்புமா என்பது கடைசிக் கேள்வி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாக்களித்த வண்டி, விடுதி, சீட்டு ஆகியவற்றைத் தராதது சேவைக் குறைபாடு எனப்படும். இச்சட்டம் தந்த பெரிய வசதி, முகவரின் கடை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல் மாவட்டக் குறைதீர் ஆணையத்திலேயே வழக்கிடலாம் என்பதாகும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்ற உதவி எண்ணில் முறையிடலாம். இவ்வழக்குகளில் நுகர்வோர் வழுக்கும் இடம் எப்போதும் ஒன்றே: பேசியது எல்லாம் வாய்ப்பேச்சு, கொடுத்ததும் ரொக்கம். எனவே முகவரோடு தொலைபேசியில் முடிவு செய்த நாள், தொகை, வண்டி எண், சீட்டில் அடங்கியவை ஆகியவற்றை அன்றே வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பி, மறுமுனையிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வந்து சேரும் வரை, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்றாவது காத்திருந்து, அதன் பிறகே முன்பணத்தை அனுப்புகிறவர்களின் கையில் வழக்குக்கு வேண்டிய காகிதம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது.