பென்சிலினும் அஜினோமோட்டோவும்

சென்ற குடும்பச் சந்திப்பில் மதிய உணவுக்கு வந்திருந்த ஃப்ரைட் ரைஸைத் தன் மகன் தட்டில் வைக்க விடவில்லை ஒரு சகோதரி. "இவனுக்குப் பென்சிலின் ஆகாது. அஜினோமோட்டோவைப் பென்சிலின் போட்டுத்தான் செய்கிறார்களாமே!" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நாங்களும்தான். பிறகு படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது.

அஜினோமோட்டோ என்பது கம்பெனியின் பெயர். உள்ளே இருப்பது மோனோசோடியம் குளுட்டமேட். இங்கே கடைப் பாக்கெட்டுகளில் இ-621 என்று போட்டிருப்பார்கள். 1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனாயே இகேடா கடற்பாசியிலிருந்து இந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். அதன்பின் நெடுங்காலம் கோதுமைப் புரதத்திலிருந்து தயாரித்தார்கள். 1956-ல் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் ஷுகுவோ கினோஷிதா குழுவினர், குளுட்டமேட்டைத் தானாகவே வெளியே விடும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தனர். கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம் என்று பெயர். நமக்கு நோய் தராத வகை.

ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. பயோட்டின் என்ற வைட்டமின் பற்றாக்குறையாக இருந்தால்தான் குளுட்டமேட்டைக் கொடுக்கும். மலிவான தீனி என்றால் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ். அதிலோ பயோட்டின் ஏராளம். பாக்டீரியா நன்றாகத் தின்று பெருகும், ஒன்றும் தராது! அங்கேதான் பென்சிலின் வருகிறது. வளர்ந்துகொண்டிருக்கும்போது சிறிதளவு சேர்த்தால், குளுட்டமேட் வெளியே கொட்ட ஆரம்பிக்கிறது.

கொல்ல வேண்டிய மருந்து எப்படி உற்பத்தியைக் கூட்டுகிறது? பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரைத்தான் பென்சிலின் தடுக்கிறது. சுவர் பலவீனமானதும் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு இழுபடுகிறது. சவ்வு ஓட்டையாகி ஒழுகுகிறது என்றே முன்பு பலர் நினைத்தார்கள். அப்படியல்ல, சவ்வு இழுபடும்போது திறந்துகொள்ளும் ஒரு வாசலே அதில் இருக்கிறது என்று 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். நம் வீட்டுக் குக்கரில் ஆவி மிஞ்சினால் வெயிட் தூக்கிக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம் சர்க்கரையைச் சக்தியாக்கும் பாதையில் ஒரு நொதி மந்தமாகிவிடுவதால், பாதி வழியில் சர்க்கரை குளுட்டமேட்டாகத் திரும்புகிறது.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். எல்லா ஆலையும் பென்சிலின் சேர்ப்பதில்லை. பயோட்டினைக் குறைப்பது, சோப்பு போன்ற பொருள்களைச் சேர்ப்பது, வெப்பத்தைக் கூட்டுவது என்று வேறு முறைகளும் உண்டு. சேர்த்தாலும், பாக்டீரியாவை நீக்கி, அமிலம் விட்டுப் படிகமாக்கி, கரியால் நிறம் நீக்கி, மறுபடியும் படிகமாக்கிய பின்னரே அது பாக்கெட்டுக்கு வருகிறது. பென்சிலினோ அமிலத்தில் எளிதில் சிதையக்கூடியது. ஆகவே ஃப்ரைட் ரைஸ் வழியே பென்சிலின் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஒவ்வாமை கடுமையாக இருந்த குழந்தை என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். (இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் பார்க்க வேண்டியது வேறு: இதில் சுமார் 12 சதவீதம் சோடியம். உப்பில் 39.)

அந்தப் பையனுக்கு உண்மையான ஆபத்து மருந்துச் சீட்டில்தான் இருக்கிறது. காதுவலி, தொண்டைவலிக்குக் குழந்தைகளுக்கு அடிக்கடி எழுதப்படும் அமாக்சிசிலின் சிரப்பும் பென்சிலின் குடும்பம்தான், பெயரில் அது தெரியாவிட்டாலும். இங்குள்ள கிளினிக் கோப்பில் எழுதியிருப்பது விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்குள்ள டாக்டருக்குத் தெரியாது. ஒவ்வாமை விவரத்தை ஒரு சீட்டில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைக்கும்படி சகோதரியிடம் சொன்னோம். தாத்தா பாட்டியிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.