விண்மீன்களை அளந்த செயற்கைக்கோள்

அலையும் காற்றுமண்டலம் விண்மீன் ஒளியை நடுங்கச் செய்வதால், தரையிலிருந்து அதன் இடத்தை ஓரளவிற்குமேல் நுட்பமாக அளக்க இயலாது. எனவே, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989 ஆகஸ்டில் ஹிப்பார்கோஸ் என்னும் செயற்கைக்கோளை ஏவியது. உந்துபொறி இயங்காமற்போகவே, புவிநிலைப் பாதையை எட்டாமல் நீள்வட்டப் பாதையிலேயே அது சிக்கிக்கொண்டது. சுற்றுதோறும் கதிர்வீச்சுப் பட்டைகளையும் கடக்க நேர்ந்தது. ஆயினும் 1993 வரை அது உழைத்தது.

58 பாகை விலகிய இரு வான்பகுதிகளை ஒரே தொலைநோக்கியில் ஒருசேரக் கண்டு, விண்மீன்களுக்கு இடைப்பட்ட கோணங்களை அது அளந்தது. பெரும்பணி அதன் பின்னரே தொடங்கிற்று. அக்கோணங்கள் யாவும் தம்முள் பொருந்துமாறு ஒவ்வொரு விண்மீனின் இடம், இடமாறு தோற்றம், ஆண்டுதோறும் நகரும் அளவு ஆகியவற்றைக் கணினிகொண்டு ஒருங்கே கணித்தனர். 1997இல் வெளிவந்த பட்டியலில் 1,18,218 விண்மீன்கள் இடம்பெற்றன. விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. பட்டியலின் பிழையோ அவ்விகலையிலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.