இரண்டு மொழி பேசும் மூளை

ஹைதராபாத் பழைய நகரத்தில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு வளையல் வியாபாரி, வீட்டில் உருது பேசுவார், கடைக்கு வருபவரிடம் தெலுங்கில் பேரம் பேசுவார். அந்த ஊரில் இதை யாரும் ஒரு திறமையாகவே நினைப்பதில்லை. இந்தச் சாதாரணப் பழக்கத்துக்கும் முதுமையில் மூளை தளர்வதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவர் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி. மறதிநோயிலும் பக்கவாதத்திலும் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளைச் சேர்த்து வாசித்தால்தான் அந்தக் கேள்வியின் ஆழம் புரியும்.

கேள்வி அவருக்கு முன்பே எழுந்ததுதான். கனடாவின் டொரண்டோவில் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 184 நோயாளிகளை ஆராய்ந்து, இரு மொழி பேசுபவர்களுக்கு மறதிநோய் சுமார் நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்ததாக 2007இல் எழுதினார்கள். உடனே ஒரு நியாயமான ஆட்சேபம் வந்தது. அங்கே இரு மொழிக்காரர்களில் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். நாடு விட்டு நாடு போய்ப் பிழைக்கும் அளவுக்கு உடலும் மனமும் திடமானவர்கள். தாமதத்துக்குக் காரணம் மொழியா, அந்தத் திடமா? வேறு பல இடங்களில் படிப்பும் குறுக்கே நிற்கும். படித்தவர்கள்தானே இரண்டாம் மொழி கற்கிறார்கள்?

ஹைதராபாத்தில் இந்த இரண்டு முடிச்சுகளும் தாமாகவே அவிழ்ந்தன. அங்கே ஊரை விட்டு நகராமலே, ஓர் எழுத்துகூடப் படிக்காமலே, இரண்டு மொழி பேசும் மக்கள் இருக்கிறார்கள். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு வந்த 648 மறதிநோயாளிகளின் விவரங்களை அல்லாடி குழு அலசியது. அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 61 வயதிலும், மற்றவர்களுக்கு 65 வயதைத் தாண்டியும் தொடங்கியிருந்தன. வித்தியாசம் நாலரை ஆண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது சுமார் ஆறு ஆண்டாக இருந்தது. இந்த முடிவுகள் 2013இல் வெளியாயின. மூன்றாவது, நான்காவது மொழி தெரிந்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் காணப்படவில்லை என்பதும் அதே கட்டுரையில் உண்டு.

ஆனாலும் மறதிநோய் மெல்ல மெல்ல வருவது. ‘எப்போது தொடங்கியது?’ என்றால் குடும்பத்தார் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். பக்கவாதம் அப்படியல்ல, அதற்கு நாளும் நேரமும் உண்டு. 2016இல் வந்த இரண்டாவது கட்டுரையை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். பக்கவாதம் வந்து போன 608 பேரின் சிந்தனைத் திறனை அதே ஊரில் சோதித்தார்கள். ஒரு மொழிக்காரர்களில் 19.6 சதவீதம் பேர்தான் பாதிப்பில்லாமல் மீண்டிருந்தார்கள். இரு மொழிக்காரர்களில் அது 40.5 சதவீதம். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பக்கவாதத்தால் பேச்சையே இழப்பவர்களின் விகிதத்தில் இரு சாராருக்கும் சொல்லும்படியான வேறுபாடில்லை! அப்படியானால் இரண்டாம் மொழி காப்பது மொழித் திறனை அல்ல. இரு மொழிக்காரர் ஒன்றைப் பேசும்போது மற்றொன்று மூளைக்குள் உறங்கிவிடுவதில்லை. அதை அடக்கி, எதிரில் நிற்பவருக்கு ஏற்ற சொல்லை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனத்தைக் குவிப்பதும் திருப்புவதும் வாழ்நாள் முழுக்க நடக்கும் பயிற்சியாகிவிடுகிறது. பிரதான சாலையில் வெள்ளம் நின்றால், சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர் எப்படியாவது வீடு சேர்ந்துவிடுவார். மூளையில் ஒரு பகுதி பழுதானபோதும் இப்படித்தான் மாற்று வழிகள் கைகொடுக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மறுப்புகளையும் சொல்லியாக வேண்டும். நோயில்லாத முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஒரு மதிப்பீட்டில், இரு மொழி பேசுபவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்ததாகத் தெரியவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், வராதவர்கள் கணக்கில் விடுபட்டுப் போவார்கள். எனவே இரண்டாம் மொழியை மருந்தாகப் பரிந்துரைக்க இன்னும் காலம் வரவில்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது பக்கவாதத்தைத் தடுக்கும் என்பதில் அப்படியொரு ஐயம் கிடையாது. அந்த மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

இந்தக் கேள்வி தீர, ஹைதராபாத்தில் செய்ததை இன்னும் பல ஊர்களில் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியே தமிழும் பேசும் மதுரைக் குடும்பங்களும், தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வாழும் ஓசூரும் நம்மிடம் இருக்கின்றன. நம் ஊர் நரம்பியல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோயாளியின் கேஸ் ஷீட்டில் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு அவர் தினமும் பேசும் மொழிகள் எவை என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.