வோக்கர் என்னும் பெயர்

மேல்வகுப்பு மாணவர்க்கு ஒருநாள் ஆங்கில மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்திருந்தோம். 'மிஸ்டர் வோக்கர்' என்றிருந்த இடத்தில் ஒருவன் 'திருவாளர் நடப்பவர்' என எழுதியிருந்தான். வகுப்பு கொல்லென நகைத்தது. நாமும் உடன் நகைத்து, இடுகுறிப் பெயரை மொழிபெயர்த்தல் தகாது எனக் கூறிப் புள்ளியையும் குறைத்தோம். அன்றிரவு அகராதியைப் புரட்டிய பின்னரே, நகைப்புக்குரியவர் யாரென்பது நமக்குப் புலனாயிற்று. வோக்கர் இடுகுறிப் பெயரன்று, காரணப் பெயர்.

தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் நமக்குக் குடும்பப்பெயர் புதுமையாகத் தோன்றலாம். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளிலேயே தலைமுறை வழியாக நிலைபெறலாயிற்று. ஊரின் பெயரைப்போலச் செய்தொழிலின் பெயரும் அவ்வாறு ஒட்டிக்கொண்டது.

வோக்கரின் தொழில் யாது? தறியினின்றும் இறங்கிய கம்பளித்துணி உடனே உடுத்தற்கு ஏற்றதன்று. இழைகளிடையே இடைவெளி, நூலிலோ ஆட்டுமயிரின் நெய்ப்பசை. அதனைத் தொட்டியிலிட்டு, நீரும், பசையை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணும், சிலவேளை புளித்த சிறுநீரும் சேர்த்து (வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா; அக்காலத்துச் சவர்க்காரம் அது!) வெறுங்காலால் மணிக்கணக்காக மிதிப்பர். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கும். இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். பின்னர் அலசி, கொளுக்கிகள் பொருந்திய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவர். ஆகவே நம் மாணவனின் 'நடப்பவர்' நாள்முழுதும் நடந்தவர்தாம். நடந்தது துணியின்மேல்!

இன்னும் ஒரு நுட்பமுண்டு. பழைய ஆங்கிலத்தில் அவ்வினைச்சொல்லுக்கு உருட்டல், புரட்டல் என்பனவே பொருள். காலால் நடத்தல் என்னும் பொருள் ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவிலேதான் வேரூன்றியது.

இதே தொழிலாளியைத் தென்கிழக்கு இங்கிலாந்தார் புல்லர் என்றனர். அஃது இலத்தீன் வழிவந்த சொல். தென்மேற்கிலோ அவர் டக்கர். வருத்துதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் வழித்தோன்றல். துணி பட்ட பாட்டை நோக்கின் பொருத்தமே. வடக்கிலும் நடுப்பகுதியிலும் வோக்கர் வழங்கிற்று. ஒருவரின் முன்னோர் எத்திசையினர் என்பதை ஊகித்தற்கு இம்மூன்று பெயர்களும் இன்றும் ஓரளவு துணைபுரிகின்றன. எக்செற்றர் நகரில் நெசவாளரும் டக்கர்மாரும் 1471இல் எழுப்பிய மண்டபம் இன்றும் டக்கர் மண்டபம் என்றே நிற்கின்றது.

வியப்பு யாதெனில், இப்பெயர்கள் நிலைபெற்ற காலத்திலேயே கால்கள் ஓய்வுபெறத் தொடங்கிவிட்டன. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சம்மட்டிகள் துணியை அடிக்கும் ஆலைகள் 1185ஆம் ஆண்டு நிலக்கணக்கொன்றிலேயே குறிக்கப்பட்டுள்ளன. மிதித்தவர் போயினர், பெயர் தங்கிற்று.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அம்மாணவன் மெல்ல எழுந்து, "அப்படியானால் என் விடை சரிதானே, சேர்?" என்றான். பெயரை மொழிபெயர்த்தது இப்போதும் பிழையே என நமக்குத் தோன்றினும், குறைத்த புள்ளியைத் திரும்பக் கொடுத்தோம்.